அபார்ட்மெண்டில் இருந்துகொண்டு மின்சாரக் காருக்கு சார்ஜ் போடுவது எப்படி: நெல்லைக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மின்சாரக் கார் வாங்கலாமா என்று என்னிடம் கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று முதலில் கேட்பதில்லை. "அண்ணாச்சி, கார் கீழ நிக்கு, நீங்க மூணாவது மாடில இருக்கிய, வயர மேல இருந்தா தொங்கவிடுதிய?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நியாயமான கேள்வி. தனி வீட்டுக்காரர் வாசலில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்தால் வேலை முடிந்தது. அபார்ட்மெண்டில் அப்படி இல்லை, நடுவில் சங்கம் இருக்கிறது, பொதுச்சுவர் இருக்கிறது, மீட்டர் போர்டு இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரின் பயமும் இருக்கிறது.

நாங்கள் இருப்பது பெருமாள்புரத்தில், லிஃப்ட் உள்ள பன்னிரண்டு வீட்டுக் கட்டடம். இரண்டு வருடமாக ராத்திரி கீழே சார்ஜ் போட்டுக் காலையில் எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த ஏற்பாட்டைச் செய்து முடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது, அதில் நாலு வாரம் தெரியாமல் செய்த வேலையைத் திருத்துவதிலேயே போனது. உங்களுக்கு அது வேண்டாம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: சுவரில் மாட்டுகிற பெரிய சார்ஜர் நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. சொந்த மீட்டரிலிருந்து ஒழுங்காக இழுத்த ஒரு 16 ஆம்பியர் லைனும், நல்ல எர்த்தும் போதும். காசையும் கவனத்தையும் எர்த்தில் போடுங்கள்.

முதல் படி: உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?

கார் ஷோரூமில் 7.2 கிலோவாட் சார்ஜர் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு வாரம் நீங்கள் ஓட்டுகிற தூரத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள். பாளையங்கோட்டையிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வந்தால் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். தூத்துக்குடி போய் வந்தால் சுமார் நூறு. திருச்செந்தூரோ தென்காசியோ போய் வந்தால் நூற்றுப்பத்தைச் சுற்றி வரும், நாகர்கோவில் என்றால் நூற்று அறுபது. இதெல்லாம் தினமும் நடக்கிற பயணம் இல்லை.

இனி கணக்கு. காருடன் கொடுக்கிற போர்ட்டபிள் சார்ஜரை 16 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் சுமார் 3 கிலோவாட் இழுக்கும். ராத்திரி பத்து மணிக்குச் சொருகி காலை ஆறு மணிக்கு எடுத்தால் எட்டு மணி நேரம், மீட்டரில் 24 யூனிட் ஓடியிருக்கும். வழியில் பத்து முதல் பதினைந்து சதவீதம் சூடாகப் போய்விடும், பேட்டரிக்குள் 21 யூனிட் சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் காரோ நடுத்தரக் காரோ, யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும் என்றால் ஒரே ராத்திரியில் நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. தினமும் அவ்வளவு ஓட்டுகிறவர் யார்?

7.2 கிலோவாட் சார்ஜர் யாருக்கு வேண்டும் என்றால், வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு, ஒரே வீட்டில் இரண்டு மின்சாரக் கார் வைத்திருப்பவருக்கு, அல்லது 60, 79 யூனிட் என்று பெரிய பேட்டரி உள்ள காரை அடிக்கடி காலி செய்துவிட்டு வருகிறவருக்கு. 11 கிலோவாட் சார்ஜருக்கு த்ரீ ஃபேஸ் வேண்டும். அதோடு காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் ஏறும், 3.3 மட்டுமே வாங்குகிற காருக்கு 11 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் 3.3-தான் ஏறும். காரின் கையேட்டில் ஏசி சார்ஜிங் (வீட்டுக் கரண்டில் ஏற்றுவது) எவ்வளவு என்று போட்டிருக்கும், வாங்குவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

இரண்டாவது படி: மீட்டர் போர்டு எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்

வயர் மாடியிலிருந்து தொங்குகிறதா என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நம் ஊர் அபார்ட்மெண்டுகளில் பெரும்பாலும் எல்லா வீட்டு மீட்டரும் தரைத்தளத்தில், மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரே போர்டில்தான் இருக்கும். உங்கள் வீடு எந்த மாடியில் இருந்தாலும் உங்கள் மீட்டர் கீழே, கார் நிற்கிற தளத்திலேயே இருக்கிறது! அதனால் மேலே வீட்டிலிருந்து வயர் இழுக்கவே வேண்டாம். மீட்டரைத் தாண்டி உங்கள் வீட்டுக்கு ஏறுகிற லைனில் ஒரு மெயின் ஸ்விட்ச் அல்லது பிரேக்கர் இருக்கும், அதற்கு அடுத்து ஒரு தனிப் பிரேக்கர் வைத்து அங்கிருந்தே பார்க்கிங்குக்கு லைன் பிரித்துக்கொள்ளலாம். கரண்டு உங்கள் மீட்டர் வழியாகத்தான் போகும், பில் உங்களுக்குத்தான் வரும்.

மீட்டரின் சீலில் யாரும் கை வைக்கக்கூடாது. அது ஈபி ஆட்கள் மட்டும் தொடவேண்டிய இடம். "நான் பாத்துக்கிடுதேன்" என்று எந்த எலக்ட்ரீசியன் சொன்னாலும் விடாதீர்கள், சீல் உடைந்திருந்தால் மாட்டிக்கொள்வது மீட்டர் உங்கள் பேரில் இருக்கிற நீங்கள்தான்.

ஒரு டேப் எடுத்துக்கொண்டு போர்டிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை, கேபிள் சுவரோரமாகவும் மேல்தளத்தை ஒட்டியும் போகிற வழியில் அளந்துவிடுங்கள். எனக்கு 35 மீட்டர் வந்தது. அந்த எண் பின்னால் தேவைப்படும். கார் நிற்கும் விதத்தையும் பாருங்கள், சார்ஜ் வாய் முன்னாலா பின்னாலா, இடப்பக்கமா வலப்பக்கமா, ரிவர்ஸில் நிறுத்தினால் எட்டுமா என்று. போர்ட்டபிள் சார்ஜரின் வயர் நீளம் அதிகம் இருக்காது, பிளக் பாயிண்ட்டைத் தப்பான தூணில் வைத்துவிட்டால் தினமும் ராத்திரி வருத்தப்படவேண்டியிருக்கும்.

மூன்றாவது படி: எந்த மீட்டரில் எடுப்பது

மூன்று வழி உண்டு. சொந்த வீட்டு மீட்டர், பொது மீட்டர், காருக்கென்று தனி இணைப்பு.

என் சிபாரிசு சொந்த மீட்டர். வீட்டில் சார்ஜ் போடுவதற்கு வீட்டு இணைப்பையே பயன்படுத்தலாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாக இருக்கிறது, வீட்டு உபயோகக் கட்டணமே இதற்கும் என்றும் சொல்லியிருக்கிறது. சங்கத்தில் யாராவது "இது கமர்ஷியல் ஆயிரும்" என்று கிளப்பினால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் பில்லைப் பற்றி ஏமாந்துபோக வேண்டாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக ஏறும், 500-ஐத் தாண்டினால் கணக்கே மாறிவிடும், மேல் படிகளில் யூனிட்டுக்குப் பத்து ரூபாயைத் தாண்டிவிடுகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் மீட்டரில் சுமார் 165 யூனிட், இரண்டு மாதத்துக்கு 330. வீட்டுச் செலவு 300 என்றால் கூட்டினால் 630. காருக்கு ஆகிற செலவை யூனிட்டுக்கு நாலு ரூபாய் ஐந்து ரூபாய் என்று மனக்கணக்குப் போடாதீர்கள், காரின் யூனிட்டுகள் எல்லாம் மேல் படியில்தான் போய் உட்காரும். அப்படியே வைத்துப் பார்த்தாலும் பெட்ரோலை விட வெகு குறைவு. என்றாலும் கண்ணைத் திறந்துகொண்டு இறங்குங்கள்.

பொது மீட்டரில் எடுப்பது எளிதாகத் தெரியும். லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் ஓடுகிற மீட்டர், பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு சப்மீட்டர் வைத்துக் கணக்குப் பார்த்துச் சங்கத்துக்குப் பணம் கொடுத்துவிடலாம் என்று. செய்கிறார்கள். ஆனால் பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு விலை தனி. 2023-ல் அரசு அதைக் குறைத்தபோதும், பத்து வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத சின்னக் கட்டடங்களுக்குத்தான் குறைத்தது. அதைவிடப் பெரிய விஷயம் மனுஷர்கள். மாதக் கணக்கில் இருபது ரூபாய் இடித்தாலும் "எங்க காசுல கார் ஓட்டுதாரு" என்ற பேச்சு வந்துவிடும், ஒரு தடவை வந்த பேச்சு பிறகு போகாது.

தனி இணைப்பும் கேட்கலாம். மின்நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி மின்சார வண்டி சார்ஜ் செய்யத் தனி இணைப்பு கேட்க நுகர்வோருக்கு உரிமை உண்டு. புதிய இணைப்பு கொடுக்கும் கெடுவையும் அதில் குறைத்திருக்கிறார்கள்: பெருநகரங்களில் மூன்று நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் ஏழு நாள், கிராமப்புறத்தில் பதினைந்து நாள். எந்தக் கட்டண வகையில் அந்த இணைப்பு வரும் என்பதை உங்கள் செக்‌ஷன் ஆபீஸில் ஏஇ-யிடம் (உதவிப் பொறியாளர்) கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர் இதைக் கட்டாயம் விசாரிக்கவேண்டும்.

நான்காவது படி: சங்கம்

கார் வாங்கி வந்து நிறுத்திய பிறகு கேட்காதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன். புக் பண்ணுகிற அன்றைக்கே செயலாளரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள், அப்புறம் கடிதம் கொடுங்கள்.

எங்கள் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் பார்க்கிங்கிலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்தது. இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அவர் எழுந்து, "தம்பி, நீங்க சார்ஜ் போட்டா லிஃப்ட் நின்னுராதா? ராத்திரி தீப்பிடிச்சா கீழ நிக்க எங்க வண்டியெல்லாம் என்னாவும்?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். நான் அவரைக் கையோடு மீட்டர் போர்டுக்கு அழைத்துக்கொண்டு போய், லிஃப்டின் மீட்டர் எது, என் மீட்டர் எது, என் லைன் எங்கிருந்து பிரியும் என்று காட்டினேன். "நம்ம வீட்டு கீசர் இழுக்கிற அளவுதான் சார் இதுவும், ஆனா கீசர் கால் மணி நேரம், இது எட்டு மணி நேரம். அதனாலதான் வயரத் தடிமனாப் போடுதேன்" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. தீயைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் பேசுங்கள். வீட்டில் சார்ஜ் போடும்போது நாம் முதலில் பயப்படவேண்டியது மெலிந்த வயரும், தளர்ந்த பிளக்கும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்தான். அதை எப்படித் தவிர்க்கப் போகிறீர்கள் என்று சொன்னால் மற்றவர்களுக்கும் நம்பிக்கை வரும்.

கடிதத்தில் நான் எழுதியதின் சாரம் இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"என் வீட்டு மின் இணைப்பிலிருந்து எனக்கு ஒதுக்கப்பட்ட கார் நிறுத்துமிடத்துக்கு, இணைத்துள்ள வரைபடத்தில் காட்டிய வழியில், என் சொந்தச் செலவில் தனி மின்பாதை அமைத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு வேலை செய்வேன். தனிப் பிரேக்கர், மின்கசிவுத் தடுப்பான், தனி எர்த் ஆகியவை அமைக்கப்படும். பொது மின் இணைப்பு எதற்கும் பயன்படுத்தப்படாது. சுவரில் ஏற்படும் சேதத்தை என் செலவில் சரிசெய்து தருவேன். இதனால் ஏதும் பழுது ஏற்பட்டால் பொறுப்பு என்னுடையது. வீட்டை விற்கும்போது அல்லது காலி செய்யும்போது சங்கம் விரும்பினால் இதை அகற்றித் தருவேன்."

வரைபடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு தாளில் மீட்டர் போர்டு, தூண்கள், கேபிள் வழி, பெட்டி வைக்கிற இடம். அது இருந்தால் பேச்சு பாதியாகக் குறையும். கேபிள் யாருடைய பார்க்கிங்குக்கு மேலே போகிறதோ அவரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அனுமதியைக் கூட்டத் தீர்மானமாக மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்திட்ட நகல் ஒன்றை வாங்கி வையுங்கள், அடுத்த வருடம் செயலாளர் மாறுவார்.

ஐந்தாவது படி: ஈபி ஆபீஸ்

உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்று பில்லிலோ இணையக் கணக்கிலோ பாருங்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் கட்டிய வீடுகளில் அது ஒன்று, இரண்டு கிலோவாட் என்றுதான் கிடக்கும், அதற்கு அப்புறம் நாம் இரண்டு ஏசி மாட்டியிருப்போம், கீசர் வைத்திருப்போம். காருக்கு இன்னொரு 3.3 கிலோவாட் கூடுகிறது. கூடுதல் மின்சுமைக்கு இணையத்திலோ செக்‌ஷன் ஆபீஸிலோ விண்ணப்பித்து அதற்கான பணத்தைக் கட்டிவிடுங்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு தாங்காது, த்ரீ ஃபேஸாக மாற்றவேண்டி வரும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோதுதான் நான் பெரிய சார்ஜர் ஆசையை விட்டேன்.

ஆறாவது படி: வயரிங்

இங்கேதான் நிதானம் வேண்டும்.

கேபிள்: 16 ஆம்பியர் லைனுக்குக் கடைக்காரர் 2.5 ஸ்கொயர் எம்எம் போதும் என்பார். கீசருக்குப் போதும். எட்டு மணி நேரம் விடாமல் 14 ஆம்பியர் ஓடுகிற, 35 மீட்டர் நீளமுள்ள லைனுக்கு 4 ஸ்கொயர் காப்பர் போடுங்கள். என் நீளத்துக்கு 2.5 போட்டால் வயரிலேயே ஏழு வோல்ட்டுக்கு மேல் விழும், 4 போட்டால் நாலரை. சாயங்காலம் ஏற்கெனவே வோல்டேஜ் இறங்கிக் கிடக்கிற தெருக்களில் அந்த வித்தியாசம் தெரியும், வயரும் சூடாகாது. 7.2 கிலோவாட்டுக்கு இதே தூரம் என்றால் 10 ஸ்கொயருக்குப் போய்விடுங்கள். பைப்புக்குள் விடுங்கள், இல்லையென்றால் இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள் வாங்குங்கள், ஸ்டில்ட்டில், அதாவது தூண்களுக்கு நடுவில் கார் நிறுத்துகிற தரைத்தளத்தில், எலி இருக்கும்.

பிரேக்கர்: 20 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி (சுமை மீறினால் தானாக விழுகிற ஸ்விட்ச், சி கர்வ் என்பது அதில் ஒரு வகை). 16 போட்டால் சித்திரை வெயிலில் பெட்டி சூடாகிற நேரத்தில் நடுராத்திரி விழுந்துவிடும், காலையில் பார்த்தால் கார் முப்பது சதவீதத்தில் நிற்கும். அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவுத் தடுப்பான்) கட்டாயம், இரண்டும் சேர்ந்த ஆர்சிபிஓ கிடைத்தால் இன்னும் நல்லது. டைப் ஏசி, டைப் ஏ என்று இரண்டு விதம் விற்கும், காருக்கு டைப் ஏ கேட்டு வாங்குங்கள். கைவசம் டைப் ஏசிதான் இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்கிற கடையில் வாங்கவேண்டாம்.

பிளக்: வீட்டுக்குள் மாட்டுகிற சாதாரண மாடுலர் 16 ஆம்பியர் சாக்கெட் விடிய விடிய முழுச் சுமையைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதில்லை. எனக்கு முதல் மாதத்திலேயே சாக்கெட்டின் ஒரு துளை பழுப்பேறிப் பிளாஸ்டிக் வாசம் வந்தது. கழற்றிப் பார்த்தபோது சார்ஜரின் கனமான பெட்டி பிளக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்ததால் பின் சாய்ந்து, உள்ளே தொடர்பு தளர்ந்து, அந்த இடத்தில் சூடு ஏறியிருந்தது. இப்போது மெட்டல் கிளாட் என்கிற உலோகப் பெட்டியில் தரமான சாக்கெட், பக்கத்தில் ஒரு கொக்கி, பெட்டியின் எடை முழுவதும் கொக்கியில். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் இன்னும் உறுதி, ஆனால் அதற்குப் பொருந்துகிற பிளக் உங்கள் சார்ஜருக்கு உண்டா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள், நடுவில் அடாப்டர் வைத்தால் அதுவே இன்னொரு பலவீனமான இடம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒரு நாள்கூட வேண்டாம், அவசரத்துக்குக்கூட வேண்டாம்.

எர்த்: என் நாலு வாரம் போனது இதில்தான். எல்லாம் மாட்டி முடித்து ஆசையாகச் சொருகினேன், சார்ஜரில் சிவப்பு விளக்கு. கழற்றிச் சொருகினேன், மறுபடியும் சிவப்பு. கார் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் ஆட்களை வரச்சொல்லி, அவர்கள் வேறு இடத்தில் சொருகிக் காட்டினால் நன்றாக ஏறுகிறது. கடைசியில் எலக்ட்ரீசியன் தம்பி மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார், 41 வோல்ட். இருக்கவேண்டியது ஒன்று, இரண்டு. "அண்ணாச்சி, இந்த எர்த்து எங்கயும் போவலையே" என்றார். போர்டிலிருந்து எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனோம், காம்பவுண்டுச் சுவர் ஓரம் மண்ணுக்குள் இறங்கி, அங்கே துண்டாகக் கிடந்தது. சுவரை இடித்துக் கட்டியபோது யாரோ வெட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு வீடும் அத்தனை நாள் எர்த் இல்லாமல் இருந்திருக்கிறது, மிக்சியும் ஃபிரிட்ஜும் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. கார் மட்டும்தான் சோதித்துப் பார்த்து மாட்டேன் என்றது.

அதனால் காருக்குத் தனி எர்த் குழி போடுங்கள். நம் பக்கம் மேலே செம்மண், கொஞ்சம் தோண்டினால் பாறை தட்டும். எங்களுக்கு ஐந்தடியில் தட்டியது. அப்படியானால் ஒரே குழியில் ஆழம் போக முயற்சி செய்து கஷ்டப்படாமல், பத்தடி தள்ளி இன்னொரு குழி எடுத்து இரண்டையும் கம்பியால் இணைத்துவிடலாம், எங்களுக்கு அப்படித்தான் சரிவந்தது. உப்பும் கரியும் போடுவது பழைய முறை, உப்பு நாளாவட்டத்தில் இரும்பை அரித்துவிடும், இப்போது அதற்கென்று மண்போல ஒரு கலவை மூட்டையில் விற்கிறார்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும். குழிக்கு மேல் சின்னத் தொட்டி கட்டி மூடி போடுங்கள். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்துவிட்டால் எர்த் மறுபடி மோசமாகும், வாரத்துக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றவேண்டும். எங்கள் வாட்ச்மேன் தாத்தா செடிகளுக்கு ஊற்றுகிற தண்ணீரோடு அதற்கும் ஊற்றிவிடுகிறார். வேலை முடிந்த அன்று மல்டிமீட்டரில் 1.2 வோல்ட் காட்டியது, சார்ஜரில் பச்சை விளக்கு, நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கண் முன்னால் மூன்று சோதனை செய்யச் சொல்லுங்கள்: நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்டேஜ், ஆர்சிசிபி-யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா, சார்ஜ் ஓடும்போது பிளக்கில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது. கேபிள், பைப், பெட்டி, பிரேக்கர், எர்த் குழி, கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 28,000 ரூபாய் ஆனது, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எர்த்துக்கே போனது.

ஏழாவது படி: பெட்டி வைக்கிற உயரம்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் ஊர் விஷயம். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் தாமிரபரணி எங்கே வரை வந்தது என்று நமக்குத் தெரியும். வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பகுதிகளில் தரைத்தளமே தண்ணீருக்குள் இருந்தது. ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில் இருக்கும் கட்டடங்களில் சுவரில் அந்தத் தண்ணீரின் கோடு இன்னும் தெரியும், தெரியாவிட்டால் பழைய குடியிருப்பாளரைக் கேளுங்கள். சார்ஜ் பெட்டி அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கவேண்டும். வெள்ளம் வராத மேட்டுப் பகுதியானாலும் நாலு, ஐந்தடிக்குக் கீழே வைக்காதீர்கள், காலையில் ஸ்டில்ட்டைத் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள்.

கனமழை எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே சார்ஜ் போட்டுவிட்டு, பிரேக்கரை அணைத்து, காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துங்கள். கார் பேட்டரிகள் பெரும்பாலும் ஐபி67 தரம், அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தவை, அதற்காக ராத்திரி முழுவதும் தண்ணீரில் நின்ற காரை வடிந்ததும் சார்ஜ் போடக்கூடாது. சர்வீஸ் ஆட்கள் வந்து பார்க்கிறவரை தொடவேண்டாம்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் திறந்தவெளியில் நிறுத்துகிறவர்களுக்கு வெள்ளத்தைவிட ஆனி, ஆடிச் சாரல்தான் தொந்தரவு, காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும். ஐபி65-க்குக் குறையாத பெட்டி, மேலே ஒரு சின்னத் தகரக் கூரை, கேபிள் கீழிருந்து உள்ளே நுழைகிற மாதிரி.

எட்டாவது படி: முதல் வாரமும் அன்றாடப் பழக்கமும்

முதல் ராத்திரி சொருகிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கீழே இறங்கி, சாக்கெட்டின் முகத்தையும் பிரேக்கர் பெட்டியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி அந்த இணைப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் வாரம் மூன்று நாலு தடவை இப்படிப் பார்த்துவிட்டால் போதும்.

சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை ஊரே ஏசியும் மோட்டாரும் போடுகிற நேரம், அதைத் தவிர்த்துப் பத்து, பதினொரு மணிக்கு ஆரம்பிக்கிற மாதிரி காரிலோ ஆப்பிலோ நேரம் வைத்துவிடுங்கள். தினமும் நூறு சதவீதம் வரை ஏற்றவேண்டுமா என்பது பேட்டரியின் வகையைப் பொறுத்தது: எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்றால் வாரம் ஒருமுறை முழுதாக ஏற்றச் சொல்வார்கள், என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது) என்றால் அன்றாடம் எண்பதோடு நிறுத்துவது நல்லது, எதுவானாலும் உங்கள் காரின் கையேடு சொல்வதே கணக்கு. பகலில் பிரேக்கரை அணைத்துப் பெட்டியைப் பூட்டிவிடுங்கள், குழந்தைகள் விளையாடுகிற இடம் அது.

வாடகை வீடு என்றால்

வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு இதே வேலையைச் செய்யலாம். கேபிளும் எர்த்தும் அங்கேயே இருந்துவிடும், பெட்டி, பிரேக்கர், சார்ஜரை நீங்கள் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டுக்காரருக்கும் அது லாபம்தான், அடுத்து வருகிறவருக்குத் தயாராக ஒரு சார்ஜ் பாயிண்ட் இருக்கிறது என்று சொல்லி நான் ஒரு நண்பருக்குச் சம்மதம் வாங்கிக் கொடுத்தேன்.

நிரந்தரப் பார்க்கிங் இல்லை, தெருவில்தான் நிறுத்துகிறேன் என்றால் உண்மையைச் சொல்கிறேன்: வேலை செய்கிற இடத்தில் ஒரு பிளக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கார் வாங்குங்கள். முழுக்க வெளியில் பொது இடங்களில் இருக்கும் டிசி ஃபாஸ்ட் சார்ஜரை (வேகமாக ஏற்றுகிறது) நம்பி ஓட்டலாம், ஆனால் யூனிட் விலை வீட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு, வாரம் இரண்டு தடவை போய்க் காத்துக் கிடக்கவேண்டும், காரின் சுகம் பாதி போய்விடும். மதுரை ரோட்டிலோ நாகர்கோவில் ரோட்டிலோ நெடுந்தூரம் போகும்போது மட்டும் அது சரி.

நாலைந்து பேர் கார் வாங்கிவிட்டால்

தனித்தனியாக ஆளுக்கொரு கேபிள் இழுத்தால் மேல்தளம் சிலந்தி வலை மாதிரி ஆகிவிடும். இரண்டாவது கார் வருகிறபோதே சங்கமாக உட்கார்ந்து, மீட்டர் போர்டிலிருந்து பார்க்கிங் முழுவதற்கும் ஒரு கேபிள் டிரே போட்டுவிடுங்கள், அதில் அவரவர் தங்கள் மீட்டரிலிருந்து கேபிளை விட்டுக்கொள்ளலாம். எந்த வீடு எந்த ஃபேஸில் இருக்கிறது என்று பார்ப்பதும் முக்கியம், மூன்று காரும் ஒரே ஃபேஸில் ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் அந்த ஃபேஸில் மட்டும் வோல்டேஜ் இறங்கும். நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். பத்துக் கார் என்றால் 33 கிலோவாட், அப்போது டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று ஏஇ-யிடம் பேசித்தான் ஆகவேண்டும்.

மொட்டைமாடியில் இடம் இருந்தால் சோலாரையும் அதே கூட்டத்தில் பேசுங்கள். 2024-ல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக்காக, வண்டி சார்ஜ் செய்வதும் அதில் சேர்த்தி, கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை.

பராமரிப்பு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பிரேக்கரிலும் சாக்கெட்டிலும் உள்ள திருகாணிகளை இறுக்கச் சொல்லுங்கள், தினமும் சூடாகி ஆறுகிற இணைப்பு தானாகத் தளரும். மாதம் ஒருமுறை ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஈபி மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளைப் பேப்பரில் பார்த்து முந்தின ராத்திரியே ஏற்றிவிடுங்கள். நான் ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு முறையும், பங்குனியில் மண் காய்கிறபோது ஒரு முறையும் எர்த்தை மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். போன பங்குனியில் 4 வோல்ட் காட்டியது, இரண்டு நாள் தண்ணீர் ஊற்றியதும் 1.5-க்கு இறங்கிவிட்டது.